வோல்ட் இருக்கு, லோடு தாங்கலை

சங்கரன்கோவிலில் திருவேங்கடம் சாலையில் அப்பா ஒரு பேட்டரி கடை வைத்திருந்தார். லாரி, டிராக்டர், மைக்செட் பேட்டரிகள் சார்ஜுக்கு வரும். ஆடித்தபசு நெருங்கிவிட்டால் கடைக்குள் கால் வைக்க இடம் இருக்காது. சுற்றுப்பட்டிகளிலிருந்து வரும் சனமெல்லாம் பருத்தியும் வத்தலும் அம்மனுக்குக் காணிக்கையாகக் கொண்டுவரும் நாட்களில், மைக்செட்காரர்களுக்கு ராத்திரி பகல் கிடையாது. அப்பாவுக்கும் கிடையாது. அவருடைய பனியன்களில் ஆசிட் தெறித்த ஓட்டைகள் இல்லாத ஒன்றை நான் பார்த்ததில்லை.

கடைக்கு வருபவர்கள் அடிக்கடி சொல்லும் ஒரு புகார் உண்டு. “மீட்டர்ல பன்னெண்டரை காட்டுது அண்ணாச்சி. வண்டி மட்டும் ஸ்டார்ட் ஆவ மாட்டேங்கு.” அப்பா பதில் சொல்லாமல் லோடு டெஸ்டரை எடுப்பார். கனத்த கம்பிச்சுருளும் இரண்டு முனைகளும் ஒரு மீட்டரும் கொண்ட கருவி அது. முனைகளை பேட்டரியில் வைத்து அழுத்தினால் சுருள் சூடேறும். பேட்டரி நிஜமாகவே உழைக்க வேண்டியிருக்கும். நல்ல பேட்டரி என்றால் முள் கொஞ்சம் இறங்கி நிற்கும். கெட்டது என்றால் மடமடவென்று கீழே சரியும். அப்பா நிமிர்ந்து பார்த்து, “வோல்ட் இருக்கு தம்பி, லோடு தாங்கலை” என்பார்.

பிரித்துக் காட்டினால் காரணம் கண்ணுக்கே தெரியும். ஈயத் தகடுகள் வெள்ளை பூத்துக் கிடக்கும். பேட்டரி மின்சாரம் கொடுக்கும்போது அதன் இரண்டு வகைத் தகடுகளிலும் ஈய சல்பேட் படிவது இயல்பு. உடனே சார்ஜ் ஏற்றினால் அது மறுபடி கரைந்து பழைய நிலைக்குத் திரும்பும். சார்ஜ் இல்லாமல் வாரக்கணக்கில் போட்டுவைத்தால் அந்தப் படிவு பெரிய படிகங்களாக இறுகித் தகட்டை மூடிவிடும். உள்ளே ஈயம் இருக்கும், ஆசிட்டும் இருக்கும். இரண்டும் தொட்டுக்கொள்ள இடம்தான் இருக்காது. மேற்பரப்பில் நடப்பதுதான் பேட்டரியின் ஆயுள் என்பதை ரசாயனப் புத்தகம் பிரிப்பதற்கு முன்பே அந்தக் கடையில் பார்த்துவிட்டேன்.

1987. எனக்குப் பத்து வயது, ஐந்தாம் வகுப்பு. ஒரு சனிக்கிழமை மத்தியானம் கடையில் டிஸ்டில்டு வாட்டர் ஊற்றிக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு நினைவில் இருப்பது, தரையில் கிடந்த என்னைச் சுற்றி நின்ற கால்கள்தான். கைக்குள் ஒரு ஸ்பானர் இருந்தது. வலிப்பு வந்தால் இரும்பைக் கையில் கொடுக்கணும் என்று யாரோ திணித்திருந்தார்கள். பெரும்பாலான வலிப்புகள் ஒன்றிரண்டு நிமிடத்தில் தானாகவே நின்றுவிடும். அந்தப் பெயர் இரும்புக்குப் போய்விடுகிறது. செய்ய வேண்டியது வேறு. ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும். தலைக்கு அடியில் ஒரு துணி. வாயில் எதையும் வைக்கக் கூடாது. ஐந்து நிமிடம் தாண்டினால் ஆஸ்பத்திரி. அன்றைக்கு அங்கே நின்றவர்களில் ஒருவருக்கும் இது தெரியாது.

மறுநாள் ஆச்சி என்னைக் கோயிலுக்குக் கூட்டிப்போனாள். புற்றுமண்ணைக் குழைத்து நெற்றியில் பூசினாள். கோமதி அம்மன் சன்னதிக்கு முன்னால் தரையில் பதித்த சக்கரம் ஒன்று உண்டு. மனசும் தலையும் சரியில்லாதவர்களை அதில் உட்கார வைப்பது எங்கள் ஊர் வழக்கம். நானும் உட்கார்ந்தேன். எனக்குப் பக்கத்தில் ஒரு பெண் தனக்குத்தானே பேசிக்கொண்டிருந்தாள். ஆச்சியின் நம்பிக்கையை நான் என்றைக்கும் குறைத்துப் பேசமாட்டேன். எங்களைப் போன்றவர்களை ஒருவரும் விலகிப் போகச் சொல்லாத இடம் ஊரில் அது ஒன்றுதான். ஆனால் வலிப்பு நிற்கவில்லை.

அந்த மாதக் கடைசியில் அப்பா திருநெல்வேலிக்குக் கூட்டிப்போனார். மருத்துவர் பினோபார்பிட்டோன் எழுதிக்கொடுத்தார். வீட்டில் அதற்கு ‘ராத்திரி மாத்திரை’ என்று பெயர். ஜெர்மானிய மருத்துவர் ஆல்பிரட் ஹாப்ட்மேன் 1912இல் வலிப்புக்குப் பயன்படுவதைக் கண்டறிந்த மருந்து அது. மூளையில் நரம்பணுக்களை அடக்கி வைக்கும் காபா என்ற பொருளின் வேலையை அது கூட்டிவிடுகிறது. எனக்கு அது வேலை செய்தது. இரண்டு வருடம் ஒரு வலிப்புகூட இல்லை.

ஆனால் அதே இரண்டு வருடத்தில் பதினாறாம் வாய்ப்பாடு என்னைவிட்டுப் போனது. அதற்கு முன்னால் கடைக் கணக்கை மனதுக்குள்ளேயே போட்டுச் சொல்லுகிறவன் நான். இப்போது கரும்பலகையில் எழுதியதைப் பார்த்து எழுதுவதற்குள் ஆசிரியர் அழித்துவிடுவார். காலையில் இரண்டாவது பீரியடில் கண் சொருகும். பாடம் கேட்டுப் புரியும். ஆனால் கேள்வி வரும்போது பதில் எங்கோ ஆழத்திலிருந்து வர வேண்டியிருக்கும். வந்து சேருவதற்குள் அடுத்த பையன் சொல்லி முடித்திருப்பான். ரிப்போர்ட் கார்டில் ‘மந்தம்’ என்று எழுதினார்கள். அப்பா அதைக் கையெழுத்துப் போட்டுத் திருப்பிக் கொடுத்தார். ஒரு வார்த்தை பேசவில்லை.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை மருத்துவரிடம் போவோம். “வலிப்பு வந்துச்சா?” “வரலை சார்.” “நல்லது. அதே மாத்திரை.” சந்திப்பு முடிந்துவிடும். படிப்பு எப்படி இருக்கிறது என்று அவர் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. மாத்திரைக்கும் வாய்ப்பாட்டுக்கும் சம்பந்தம் இருக்கலாம் என்று எங்களுக்குத் தோன்றவே இல்லை. வெளியே வராந்தாவில் ஐம்பது பேர் காத்திருந்தார்கள். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது.

பல வருடம் கழித்துத்தான் ஓர் ஆய்வைப் படித்தேன். 1990இல் அமெரிக்காவில் வெளியானது. காய்ச்சல் வலிப்பு வந்த 217 குழந்தைகள். ஒரு பகுதிக்கு பினோபார்பிட்டோன், மறு பகுதிக்கு மருந்தில்லாத மாத்திரை. இரண்டு வருட முடிவில், மருந்துப் பிரிவில் சேர்க்கப்பட்ட குழந்தைகளின் நுண்ணறிவு ஈவு சராசரியாக 8.4 புள்ளி குறைவாக இருந்தது. மருந்தை நிறுத்தி ஆறு மாதம் ஆன பிறகும் 5.2 புள்ளி வித்தியாசம் மிச்சம் இருந்தது. கைக்குழந்தைகளின் காய்ச்சல் வலிப்பும் என் கால்-கை வலிப்பும் ஒன்றல்ல. ஆனாலும் அந்தப் பக்கத்தைப் படித்த இரவு, ‘மந்தம்’ என்ற சொல்லை நான் முப்பது வயது வரை என் குணமாகவே சுமந்திருந்தேன் என்பது புரிந்து, வெகுநேரம் தூக்கம் வரவில்லை.

இன்னொரு பக்கத்தையும் சொல்லாவிட்டால் நான் நேர்மையற்றவன் ஆவேன். கர்நாடகத்தில் எலந்தூர் என்ற ஊர்ப்புறத்தில் நரம்பியல் மருத்துவர் கே. எஸ். மணியும் அவருடைய குழுவினரும் செய்த ஆய்வு 2001இல் லான்செட் இதழில் வந்தது. பினோபார்பிட்டோன், பெனிட்டாயின் என்ற விலை குறைந்த இரண்டு மருந்துகளைக் கொண்டே கிராமத்து நோயாளிகளின் வலிப்பைக் கட்டுப்படுத்த முடியும் என்று அது காட்டியது. உலகத்தில் சுமார் 5 கோடிப் பேருக்கு இந்த நோய் இருக்கிறது. சரியான சிகிச்சை கிடைத்தால் அவர்களில் 70 சதவீதம் பேர் வரை வலிப்பில்லாமல் வாழலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். சிகிச்சையே கிடைக்காமல் அடுப்பிலும் கிணற்றிலும் விழுந்து செத்தவர்களை எங்கள் பக்கம் எல்லாருக்கும் தெரியும். மலிவான அந்த மாத்திரை என்னையும் உயிரோடு வைத்திருந்தது.

1990இல் என் மருந்து பெனிட்டாயினுக்கு மாறியது. ஈறு தடித்து, பல் தேய்த்தால் ரத்தம் வந்தது. ஆனால் இரண்டாவது பீரியடில் கண் சொருகவில்லை. பத்தாம் வகுப்பில் வேதியியலில் நல்ல மதிப்பெண் வாங்கினேன். ‘மந்தம்’ என்று எழுதிய கையே தட்டிக்கொடுத்தது.

பாளையங்கோட்டையில் முதுகலை படிக்கும்போது ஒரு தப்புச் செய்தேன். தேர்வுக்கு இரண்டு வாரம் இருந்தது. மாத்திரை இல்லாவிட்டால் மூளை இன்னும் சுறுசுறுப்பாக இருக்கும் என்று நானே முடிவுசெய்து நிறுத்திவிட்டேன். முதல் நான்கு நாள் உண்மையிலேயே அப்படித்தான் இருந்தது. ஒன்பதாம் நாள் பேருந்து நிலையத்தில் விழுந்தேன், முன்பல் உடைந்தது. ஒரு வலிப்பு முடிந்து நினைவு திரும்புவதற்குள் அடுத்தது வந்ததாகப் பிறகு சொன்னார்கள். வலிப்பு மருந்தைச் சட்டென்று நிறுத்துவது உயிரைப் பணயம் வைப்பது. இதை வாசிக்கும் எவரும் நான் செய்ததைச் செய்துவிடக் கூடாது.

யாரிடமும் கேட்காமல் நிறுத்தியதற்குக் காரணம், யாரிடமும் சொல்லாமல் சாப்பிட்டதுதான். விடுதியில் ஒருவருக்கும் என் நோய் தெரியாது. மாத்திரைப் பட்டையைச் சோப்புப் பெட்டியில் ஒளித்து வைத்திருந்தேன். கால்-கை வலிப்பு திருமணத்துக்குத் தடை என்றே இந்து திருமணச் சட்டம் அப்போது சொல்லிக்கொண்டிருந்தது. அந்தச் சொல் அதிலிருந்து நீக்கப்பட்டது 1999இல்தான். வீட்டிலும் ‘வெளியே சொல்லாதே’ என்பதுதான் கட்டளை. நோயையே சொல்ல முடியாதபோது, மருந்தால் சொல் தடுமாறுகிறது என்று யாரிடம் போய்ச் சொல்ல?

2001இல் காரைக்குடிக்குப் போனேன். எங்கள் பக்கம் எல்லாரும் ‘சிக்ரி’ என்று சொல்லும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம். அழகப்பச் செட்டியார் கொடுத்த 300 ஏக்கரில் 1948இல் நேரு அடிக்கல் நாட்டி, 1953இல் திறக்கப்பட்டது. பேட்டரி கடைக்காரர் மகன் லித்தியம் பேட்டரியில் ஆராய்ச்சி செய்யப் போகிறான் என்று அப்பா கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் டீ வாங்கிக்கொடுத்தார். என் நோயைப் பற்றி வெளியாள் ஒருவரிடம் நானாகவே சொன்னது அங்கேதான். அவர் என் வழிகாட்டிப் பேராசிரியர். அவர் கேட்டது இரண்டே கேள்விகள். கடைசியாக எப்போது வந்தது? வந்தால் நாங்கள் என்ன செய்ய வேண்டும்? பிறகு, உலைக்குப் பக்கத்திலும் ஆர்கான் நிரப்பிய கையுறைப் பெட்டியிலும் நான் தனியாக வேலை செய்யக் கூடாது என்று ஒரு விதி போட்டார். அந்த விதியை எல்லா மாணவர்களுக்கும் சேர்த்தே போட்டார்.

லித்தியம் பேட்டரியில் முதல் தடவை சார்ஜ் ஏற்றும்போது நடப்பதை எத்தனை முறை பார்த்தாலும் எனக்குச் சலிக்காது. எதிர்முனையான கிராபைட்டின் மேல், மின்பகுளித் திரவத்தில் கொஞ்சம் சிதைந்து, சில நானோமீட்டர் கனத்தில் ஒரு தோல் படிகிறது. லித்தியம் அயனியை அது உள்ளே விடும், எலக்ட்ரானை விடாது. லித்தியத்தின் மேல் படியும் இந்தத் தோலுக்கு 1979இல் பெயர் வைத்து விளக்கியவர் இஸ்ரேலைச் சேர்ந்த இம்மானுவேல் பெலட். இந்தத் தோல் இல்லாவிட்டால் மின்பகுளி சிதைந்துகொண்டே போய் பேட்டரி செத்துவிடும். படியும்போதே அது லித்தியத்தில் ஒரு பங்கைத் தின்றுவிடுகிறது. நாளாக ஆகக் கனத்துவிட்டால் அயனி கடக்கத் திணறும்.

நான் வேலை செய்தது மறு முனையில், நேர்முனையில். 1980இல் குட்இனஃப் குழுவினர் கண்டுபிடித்த லித்தியம் கோபால்ட் ஆக்சைடு. மின்பகுளியில் துளி ஈரம் இருந்தாலும் அதிலிருந்து ஹைட்ரோபுளோரிக் அமிலம் உண்டாகி இந்தத் துகளை அரிக்கும். கோபால்ட் கரைந்து வெளியேறும். அதைத் தடுக்கத் துகளின் மேல் அலுமினாவைப் பூசுவோம். மெல்லிசாகப் பூசினால் ஆயுள் கூடும். கொஞ்சம் கனத்தால்கூட லித்தியம் உள்ளே போய் வருவது தடைப்படும். இருபது மில்லிமீட்டர் அகல நாணய செல்களாக நூற்றுக்கணக்கில் செய்து பார்த்தோம். கனத்த பூச்சுள்ள செல்லைச் சும்மா வைத்து அளந்தால் வோல்ட் சரியாகவே இருக்கும். வேகமாக மின்சாரம் இழுத்தால் சரிந்துவிடும். இம்பீடன்ஸ் அளவீட்டில் அதன் அரைவட்டம் பெரிதாக விழும்; மேற்பரப்பின் தடையை அந்த அரைவட்டம் காட்டிக்கொடுக்கும். முதல் தடவை அந்த வரைபடத்தைப் பார்த்தபோது எனக்கு அப்பாவின் குரல்தான் கேட்டது.

2003இல் வலிப்பு மறுபடி வந்தது, மாதம் இரண்டு மூன்று. ஒரு மருத்துவர் டோபிரமேட் என்ற மருந்தைச் சேர்த்தார். வலிப்பு நின்றது. விரல் நுனிகள் ஊசி குத்தியதுபோல மதமதத்தன. ஊருக்குப் போயிருந்தபோது பஸ் ஸ்டாண்டில் கோலி சோடா வாங்கிக் குடித்தேன். வெறும் தண்ணீர் மாதிரி இருந்தது. இன்னொன்றை உடைக்கச் சொன்னேன். அதுவும் அப்படியே. கார்பானிக் அன்ஹைட்ரேஸ் என்ற நொதியை இந்த மருந்து தடுப்பதால் நாக்குக்கு சோடாவின் சுள்ளென்ற காரம் தெரியாமல் போகிறது என்று பிற்பாடு அறிந்தேன்.

சோடா போனால் போகிறது. சொற்கள் போகத் தொடங்கின. தலை துவட்ட அம்மாவிடம் ‘அது... அது...’ என்று கையை நீட்டிக்கொண்டு நின்றேன். ‘துண்டு’ என்ற சொல் வரவில்லை. ஆய்வகக் கருத்தரங்கில் நாற்பது பேர் முன்னால் ‘மின்பகுளி’ என்று சொல்ல வேண்டிய இடத்தில் நின்றுபோனேன். தமிழிலும் வரவில்லை, ஆங்கிலத்திலும் வரவில்லை. அந்தத் திரவம் என் கண்ணுக்குத் தெரிகிறது, அதன் வாசனைகூட நினைவிருக்கிறது, பெயர் இல்லை. பேராசிரியர் எழுந்து, “மீதியை நாளைக்குப் பேசுவோம்” என்று சொல்லி, என் தோளைப் பிடித்து வெளியே கூட்டிவந்தார். “வலிப்பு இல்லை, சரி. நீ எங்கே?” என்று கேட்டார்.

எங்கள் பகுதியிலிருந்து வலிப்பு சிகிச்சைக்குச் செங்கோட்டை வழியாகத் திருவனந்தபுரம் போவது வழக்கம். அங்கே ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனத்தில் 1995 முதல் வலிப்புக்கான அறுவை சிகிச்சையே நடக்கிறது. அந்த ஊரில் ஒரு மருத்துவரைப் பார்க்க அப்பாவும் நானும் போனோம். வலிப்பு வந்ததா என்று கேட்டுவிட்டு அவர் நிறுத்தவில்லை. “ஒரு நிமிடத்தில் எத்தனை மிருகங்களின் பெயர் சொல்லுவீர்கள்?” என்றார். ஆடு, மாடு, நாய், பூனை, யானை, சிங்கம், குதிரை. ஏழு. கடிகார முள் நகர்ந்துகொண்டே இருந்தது, எட்டாவது வரவில்லை. ஐந்து எண்களைச் சொல்லித் தலைகீழாகத் திருப்பிச் சொல்லச் சொன்னார். மூன்றாவது எண்ணில் நின்றேன். அப்பா சுவரோரம் நாற்காலி நுனியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே வந்ததும் சொன்னார்: “இவருதாம்ல லோடு போட்டுப் பாத்திருக்காரு.” சொல்லிவிட்டுத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

மருந்து மாற்றம் ஐந்து மாதம் பிடித்தது. டோபிரமேட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, லாமோட்ரிஜினைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினார். வெள்ளை பூத்த பேட்டரிக்கு அப்பா ஒரேயடியாகக் கரண்ட் ஏற்றமாட்டார். மூன்று நாள் குறைந்த ஆம்பியரில் விட்டுவைப்பார். அந்தப் பொறுமை எனக்கு அப்போது உதவியது. ஆறாவது மாதம் மிருகங்களின் பெயர் பதினெட்டு வந்தது. கோலி சோடா சுள்ளென்று ஏறியது. டோபிரமேட் பலருக்கு ஒரு தொந்தரவும் இல்லாமல் ஒத்துப்போகிறது, எனக்கு ஒத்துவரவில்லை. லாமோட்ரிஜின் ஒத்துவராதவர்களும் இருக்கிறார்கள். ஆளுக்கு ஆள் அளந்துதான் பார்க்க வேண்டும்.

மூளையும் பேட்டரியும் ஒன்றல்ல என்பது எனக்குத் தெரியும். நரம்பணுவின் சவ்வுக்கு இருபுறமும் இருப்பது சுமார் 70 மில்லிவோல்ட். சோடியம் உள்ளே பாய, பொட்டாசியம் வெளியேற, செய்தி நகர்கிறது. பெனிட்டாயினும் லாமோட்ரிஜினும் அந்த சோடியம் வாசல்களைப் பிடித்து நிறுத்தி, நரம்பணு வெறிகொண்டு துடிப்பதைத் தடுக்கின்றன. வலிப்பும் நினைப்பும் அதே வாசல்கள் வழியாகத்தான் போகின்றன. காவலைக் கூட்டினால் போக்குவரத்து குறையலாம். அலுமினாப் பூச்சில் நான் தேடியதும் என் மருத்துவர் மாத்திரையில் தேடியதும் இந்த அளவைத்தான்: காப்பாற்றப் போதுமான கனம், வழியை அடைக்காத கனம்.

இந்தக் கணக்கு இன்று நேற்று வந்ததும் அல்ல. 1857இல் லண்டனில் சார்லஸ் லோக்காக் புரோமைடு உப்பால் வலிப்பு குறைவதைச் சொன்னார். 1870இல் அமெரிக்காவின் வெயர் மிட்செல் லித்தியம் புரோமைடைப் பரிந்துரைத்தார். கையுறைப் பெட்டிக்குள் நான் வெட்டிய அதே லித்தியம்! புரோமைடு சாப்பிட்டவர்கள் வலிப்பு குறைந்து மந்தமாகிப் போனதை அந்தக் கால மருத்துவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள்.

ஈயத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஈயத்தூள் குழந்தைகளின் மூளையைக் கெடுக்கும். உடம்பில் மிகுந்தால் வலிப்பே வரும். என் வலிப்புக்கு அப்பாவின் கடைதான் காரணம் என்று சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. ஆனாலும் ஈயத்தின் கேடு தெரிந்த நாளில் அப்பாவிடம் பக்குவமாகச் சொன்னேன். மறுநாளே தகடு பிரிக்கும் வேலையைக் கடைக்குப் பின்னால் தனிக் கொட்டகைக்கு மாற்றினார். தெருப் பிள்ளைகள் அந்தப் பக்கம் வராமல் கதவும் போட்டார். பேட்டரி பிரிக்கும் எல்லாக் கடைகளுக்கும் என் வேண்டுகோள் இதுதான்: பிள்ளைகளை உள்ளே விடாதீர்கள், ஈயம் பட்ட துணியோடு வீட்டுக்குள் போகாதீர்கள்.

2019இல் லித்தியம் பேட்டரிக்காகக் குட்இனஃப், விட்டிங்ஹாம், யோஷினோ மூவருக்கும் நோபல் பரிசு அறிவித்த அன்று சங்கரன்கோவிலுக்கு போன் போட்டேன். அப்பாவுக்குக் காது மந்தமாகிவிட்டிருந்தது. மூன்று முறை சொன்ன பிறகு, “லோடு தாங்குதா?” என்று மட்டும் கேட்டார். தாங்குது அப்பா என்றேன். பேட்டரியைக் கேட்டாரா, என்னைக் கேட்டாரா என்று நான் விசாரிக்கவில்லை. இரண்டுக்கும் பதில் அதுதான்.

வலிப்பு நோயுள்ள பிள்ளையைப் பெற்றவர்களுக்கு ஒன்று சொல்லி முடிக்கிறேன். ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். இடது பக்கம் வலிப்பு வந்த தேதி. வலது பக்கம் தூக்கம், படிப்பு, மறதி, கோபம், சொல் தடுமாற்றம். மாத்திரை மாறிய நாளை இரண்டுக்கும் நடுவில் குறியுங்கள். அடுத்த முறை போகும்போது அந்த நோட்டை மருத்துவர் மேசையில் வையுங்கள். மெதுவாவதெல்லாம் மாத்திரையால்தான் என்று இல்லை. நோயும் ஒரு காரணமாக இருக்கலாம், ஓயாத வலிப்புகளும் காரணமாக இருக்கலாம். எது என்று பிரித்துப் பார்ப்பவர் மருத்துவர். பார்த்ததை மறைக்காமல் சொல்ல வேண்டியவர்கள் நீங்கள். அவரைக் கேட்காமல் ஒரு வேளை மாத்திரையைக்கூட நிறுத்தாதீர்கள். ஆசிரியர்களே, நன்றாகப் படித்த பிள்ளை திடீரென்று பின்தங்கினால், ‘மந்தம்’ என்று எழுதுவதற்கு முன்னால் என்ன மருந்து சாப்பிடுகிறான் என்று பெற்றோரைத் தனியே கூப்பிட்டுக் கேளுங்கள்.